படகு இல்லை, ஏற இடம் கிடைக்குமா?

கேள்வி: திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் இருக்கிறேன், வயது 24. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்துறைமுகத்தில் சிறிய பாய்ப்படகுகள் போட்டி போடுவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து நானும் ஏற வேண்டும் என்று ஆசை. என்னிடம் படகும் இல்லை, பயிற்சியும் இல்லை. பாய்வள்ளத்தில் தொழில் செய்த அப்பப்பா, "இப்ப ஆருக்குப் பாய் வேணும்?" என்கிறார். என்னைச் சேர்ப்பார்களா? முதலில் எதைப் பழகுவது?

பதில்: சேர்ப்பார்கள், தங்கச்சி. படகு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய கஷ்டமே கூட ஏற ஆள் கிடைக்காததுதான். என்டர்பிரைஸ், ஜி.பி. 14 போன்ற டிங்கி வகைச் சிறு பாய்ப்படகுகள் இருவர் ஓட்டுவதற்கென்றே செய்தவை. இரண்டாமவர் வராவிட்டால் படகு கரையிலேயே கிடக்கும். ஆகவே போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருப்பதால், உள்ளே போக அனுமதி வேண்டுமா என்று முதலிலேயே விசாரியுங்கள். படகை இறக்கக் கைகொடுத்துவிட்டு, "ஆள் குறையுதா?" என்று கேளுங்கள். ஒன்றும் தெரியாது என்பதையும், நீந்தத் தெரியுமா என்பதையும் ஒளிக்க வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே இறுக்கிக் கட்டுங்கள்.

சுக்கானும் பெரிய பாயும் படகை ஓட்டும் ஸ்கிப்பர் கையில் இருக்கும். முன்பாயான ஜிப்பும், படகு சாயாமல் உடம்பைக் காற்றுப் பக்கம் சரித்து உட்காருவதும் உங்கள் வேலை. திசை மாற்றும்போது ஜிப்பை இழுத்துப் பிடித்திருக்கும் பழைய பக்கத்துக் கயிற்றை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். படகின் முன்முனையான அணியம் காற்றைக் கடக்கும்வரை பொறுத்து விடுங்கள். பெரிய பாயின் அடிக்கட்டையான பூமுக்குக் கீழே தலையைக் குனிந்து மறுபக்கம் போய், அந்தப் பக்கத்துப் புதுக் கயிற்றை இழுங்கள். இது கைவர எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

இன்னொன்றை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். முதல் போட்டியில், வழுக்கிவிடும் என்ற பயத்தில் ஜிப் கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். மலைகளுக்கு இடையால் திடீரென்று ஒரு காற்று வீச்சு. ஸ்கிப்பர் "விடு, விடு!" என்று கத்துகிறார். கயிறு விரல்களை இறுக்கிவிட்டது, விட முடியவில்லை. படகு கவிழ்ந்தது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றாதீர்கள், பிடித்தால் போதும். கவிழ்ந்தாலும் படகை விட்டு நீந்திப் போகவே கூடாது.

தொடக்கம் பெரும்பாலும் ஐந்து நிமிடக் கணக்கு. 5, 4, 1 என்று கொடியும் ஒலியும் வரும், பிறகு புறப்பாடு. ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு நிமிடத்தைச் சத்தமாகச் சொன்னாலே ஸ்கிப்பருக்குப் பெரிய உதவி. விதிகளில் இப்போதைக்கு ஒன்று போதும்: எதிரெதிரே வரும்போது, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கே வழி. மற்றதெல்லாம் ஓட ஓட வரும். நாலு ஞாயிறு விடாமல் வந்து, போட்டி முடிந்தபின் பாய் மடிக்கவும் நின்றவரை எவரும் கைவிட மாட்டார்கள்.

உப்புவெளியில் மட்டும் தனியாகப் பழகப் பார்க்காதீர்கள். தென்மேற்குக் காற்றான கச்சான், அங்கே கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும், படகை வெளியே கொண்டுபோய்விடும். உட்துறைமுகத்தைச் சுற்றிவர நிலம் இருக்கிறது.

அப்பப்பா சொன்னதை மனதில் வைக்காதீர்கள். கச்சான், வாடை, கொண்டல் என்ற காற்றுகள் அவருக்குத் தெரிந்த அளவு எந்த ஸ்கிப்பருக்கும் தெரியாது. ஒரு பின்னேரம் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். தண்ணீர் மேல் கறுத்து ஓடிவரும் வீச்சு கிட்ட வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.