மருந்து போட்டதும் பரு கூடுகிறதே!
வாசகர் கேள்விகள், தோல் மருத்துவர்கள் பதில்கள்

கேள்வி: கன்னத்திலும் தாடையிலும் பரு இருந்ததால் அடாபலின் 0.1 சதவீத ஜெல் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரமாக ராத்திரி தவறாமல் போடுகிறேன். நாலைந்து பரு இருந்த இடத்தில் இப்போது பத்துப் பதினைந்து. இதுவரை வராத நெற்றியிலும் குருணை குருணையாகத் தட்டுப்படுகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடட்டுமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நிறுத்த வேண்டாம். கன்னமும் தாடையும் உங்களுக்கு வழக்கமாகப் பரு வரும் இடங்கள். அங்கே மூன்றாவது வாரத்தில் கூடுவது பெரும்பாலும் மருந்து வேலை செய்யத் தொடங்கியதால்தான்.

பரு ஒரே ராத்திரியில் உண்டாவதில்லை. மயிர்க்காலின் வாயில் செத்த தோல் செல்களும் எண்ணெயும் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓர் அடைப்பாக முதலில் உட்காரும். அது வீங்கிச் சிவந்து பருவாக வெளியே தெரிய ஏறத்தாழ எட்டு வாரம் ஆகலாம். உங்கள் முகத்தில் இருந்த நாலைந்து பருக்களுக்கு அடியில் இப்படிப் பல அடைப்புகள் காத்திருந்திருக்கும். அடாபலின், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) மருந்துகள் அந்த ஒட்டலைத் தளர்த்தி, தோல் செல்கள் உதிர்ந்து புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. தையிலும் மாசியிலும் ஒவ்வொன்றாக வரவேண்டியவை எல்லாம் மார்கழியிலேயே மொத்தமாக வந்துவிடுகின்றன. இப்படி வருபவை பெரும்பாலும் சின்னவை, சீக்கிரம் அமுங்கிவிடும்.

பொதுவாக இரண்டாவது வாரத்தில் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் உச்சம் தொட்டுவிடும். எட்டாவது வாரத்தில் குறைவது தெரியும். மருந்து பலித்ததா இல்லையா என்று 12 வாரம் முடிந்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். இந்தக் கட்டம் எல்லோருக்கும் வருவதில்லை என்பதால், தோழிக்கு வராதது உங்களுக்கு வந்தால் பயப்பட வேண்டியதில்லை. தினமும் கண்ணாடி பார்த்துக் கணக்கெடுத்தால் மனம் சோர்ந்துதான் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மறுமுறை மருத்துவரைப் பார்க்கும்போது அது அவருக்கும் உதவும்.

நெற்றி விஷயம் வேறாக இருக்கலாம். புது இடத்தில் வரும் குருணைக்கு முதலில் தலைக்கு வைக்கும் எண்ணெயையும், அண்மையில் மாற்றிய கண்டிஷனர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீனையும் சந்தேகியுங்கள். எண்ணெய் வைப்பதென்றால் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையோடு படுத்தால் தலையணை உறை வழியாக அது முகத்துக்கே வரும்.

கேள்வி: ட்ரெட்டினாயின் 0.05 சதவீத க்ரீமும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று இரண்டையும் காலை, இரவு இருவேளையும் போட்டேன். பத்து நாளில் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து உரிகிறது, தண்ணீர் பட்டாலே எரிகிறது. இதுவும் ‘முதலில் கூடும்’ கட்டம்தானா?
– ஐ.டி. ஊழியர், அம்பத்தூர்

பதில்: இல்லை. இது எரிச்சல். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் நல்ல மருந்தைப் பாதியில் கைவிடுகிறார்கள், வேறு சிலர் புண்ணான தோலின் மேல் பிடிவாதமாகப் பூசிக்கொண்டே போகிறார்கள். பரு கூடுவது என்றால் வழக்கமான இடத்தில் முனையுள்ள பருக்கள் அதிகமாகும். எரிச்சல் என்றால் தோல் மெல்லியதாக உள்ள மூக்கோரம், வாயோரம், கண்ணடி முதலில் சிவந்து, இழுத்துப் பிடித்து, உரியும். மூன்றாவதாக ஒவ்வாமை: அரிப்புதான் அதில் முதன்மை, கண்ணிமை வீங்கும், மருந்து படாத இடத்துக்கும் பரவும், சிலசமயம் நீர் கோத்த கொப்புளமும் வரும். ஒவ்வாமை என்றால் அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு சிலருக்கு இப்படிச் செய்யும்.

நீங்கள் இப்போது இரண்டையும் நிறுத்துங்கள். எரிச்சல் அடங்கும்வரை, பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள், வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு, கடலை மாவு, டோனர், பற்பசை எதுவும் முகத்தை அண்டக் கூடாது. பிறகு மருத்துவரிடம் 0.025 சதவீதத்துக்கு இறங்கலாமா என்று கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தொடங்கும் முறை இது. ராத்திரி மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, 20 நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கி எரிச்சலைக் கூட்டும். மாய்ஸ்சரைசரை மெல்லியதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் சிறிது வாஸ்லின் தடவினால் மருந்து அங்கே ஓடி நிற்காது. மருந்து ஒரு பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதை நெற்றி, இரு கன்னம், தாடை என்று நான்கு புள்ளியாக வைத்துப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் வைப்பது வீண். இந்த மருந்துக்கு வேலை இன்னும் வெளியே வராத அடைப்புகளில்தான். மேலே மறுபடி மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் மூன்று இரவுக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு, பிறகு தாங்கினால் தினமும். அப்படியும் எரிந்தால் முதலில் அரை மணி நேரம் மட்டும் வைத்துக் கழுவிவிடலாம்.

ட்ரெட்டினாயின் காலையில் போடும் மருந்தே அல்ல. வெயிலில் அது சிதையும். பல க்ரீம்களில் பென்சாயில் பெராக்சைடும் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே பெராக்சைடு காலையில் மட்டும், அதுவும் 2.5 சதவீதமே போதும். வலு கூடினால் பலனைவிட எரிச்சல்தான் கூடும். நிற டீஷர்ட், துண்டு, தலையணை உறை பட்டால் வெளுத்துவிடும், கவனம். காலையில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீனை விடாதீர்கள். நம் தோலில் பரு போன பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்பதால் இது அவசியம்.

கேள்வி: என் மகனுக்கு வயது 18, எடை 60 கிலோ. முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாகப் பரு. ஐசோட்ரெட்டினாயின் 20 மில்லிகிராம் மாத்திரை தொடங்கி 18 நாள் ஆகிறது. பழைய கட்டிகள் பெரிதாகிச் சீழ் வைக்கின்றன. ஒரு மருந்துக்கடையில் கேட்டதற்கு டாக்ஸிசைக்ளின் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார்கள். கொடுக்கலாமா?
– தந்தை, நாமக்கல்

பதில்: டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்கவே கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால் மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு. விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் அதன் அறிகுறிகள். ஐசோட்ரெட்டினாயினும் வைட்டமின் ஏ வகைதான் என்பதால், வைட்டமின் ஏ மாத்திரையும் அதனுடன் கூடாது.

ஐசோட்ரெட்டினாயின் தொடங்கிய முதல் மாதத்தில் கூடுவது தெரிந்த விஷயம். முன்பே பெரிய கட்டிகளும், உடம்பில் பருவும், அடைபட்ட குருணைகள் நிறையவும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் கட்டிகள் பெரிதாகிச் சீழ் வைப்பதைப் பார்த்துக்கொண்டு அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காதீர்கள்; இந்த வாரமே எழுதிக்கொடுத்த மருத்துவரைப் பாருங்கள். அவர் அளவை 10 மில்லிகிராமாகக் குறைக்கலாம், சில வாரம் நிறுத்தலாம், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு மாத்திரை குறுகிய காலத்துக்குச் சேர்க்கலாம். அளவைக் குறைத்தால் பலன் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். வழக்கமாக முழு சிகிச்சைக் காலத்துக்கும் சேர்த்துக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை, அதாவது உங்கள் மகனுக்கு மொத்தம் 7,200 முதல் 9,000 மில்லிகிராம் வரை என்றுதான் கணக்கிடுகிறார்கள். முதல் மாதத்தில் குறைந்ததைப் பின்னால் ஈடுசெய்துகொள்ளலாம்.

காய்ச்சல், மூட்டுவலி, நடக்கவே உடம்பு நோவு, கட்டிகள் உடைந்து ரத்தம் கசிந்து பொருக்குத் தட்டுதல், இவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரிதானது, ஆனால் விட்டால் ஆழமான வடு நிற்கும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் சரியாக உடம்பில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். கொழுப்பு, கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பையன் மனம் சோர்ந்து ஒதுங்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் ரத்ததானம் கூடாது. பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: இந்த மாத்திரை கருவில் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும்போதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. பூசும் ரெட்டினாய்டுகளையும் கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: மருத்துவர் கொடுத்த ஜெல்லில் பரு கூடியதால் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன க்ரீமைப் போட்டேன். நான்கே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. இதையே தொடரலாமா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்கி நிறத்தையும் வெளுக்கச் செய்யும். சில வாரத்தில் ஒரே மாதிரியான பருக்கள், மெலிந்த தோல், தெரியும் ரத்தநாளம், முகத்தில் ரோமம் என்று திரும்பி வரும். பழகிய பின் நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும். சில நாள் மட்டுமே போட்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள். மாதக்கணக்கில் போட்டவர்கள் மட்டும் மருத்துவர் மேற்பார்வையில் விடுவது நல்லது.

கேள்வி: ஐந்து வாரத்தில் எனக்குக் கல்யாணம். இப்போது அடாபலின் தொடங்கலாமா? பார்லரில் ப்ளீச்சும் வாக்ஸிங்கும் செய்யச் சொல்கிறார்கள்.
– மணப்பெண், மதுரை

பதில்: இப்போது தொடங்கினால் கூடும் கட்டத்தின் நடுவில் முகூர்த்தம் வந்து நிற்கும். கல்யாணம் முடிந்து தொடங்குங்கள். குழந்தை பற்றிய திட்டத்தையும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருப்பவர்கள் முகத்தில் வாக்ஸிங் செய்தால் தோல் உரிந்து வந்துவிடும். ப்ளீச்சும் வேண்டாம். நாளுக்கு முந்தைய வாரம் ஒரே ஒரு பெரிய பரு எழும்பினால் கிள்ளாதீர்கள், தோல் மருத்துவர் அதற்குள் சிறு ஊசி போட்டால் ஓரிரு நாளில் அமுங்கும். ஃபேஷியல் செய்தே ஆக வேண்டுமென்றால், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்றை, குறைந்தது பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.