தீபாவளி பலகாரத்தை விடுங்கள், முதலில் பிபி பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. முதல் கர்ப்பம், 31 வாரம் ஆகிறது. தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறோம். பட்டாசு வெடிக்காமல், பிறக்கப்போகும் குழந்தைக்கென்று ஓர் அகல் விளக்கு ஏற்றி, ஒவ்வொரு தீபாவளிக்கும் அதற்கு ஒரு கடிதம் எழுதி வைக்கலாம் என்று நானும் கணவரும் நினைக்கிறோம். ‘வழக்கத்தை மாற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது’ என்கிறார் மாமியார். வெடிச்சத்தத்தில் குழந்தைக்குக் காது போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எண்ணெய்க் குளியல், லேகியம் எல்லாம் கூடுமா? காலும் வீங்கியிருக்கிறது. பலகாரம் செய்ய நின்றதிலிருந்து இரண்டு நாளாகத் தலைவலி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டும் விடவில்லை.

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே தலைவலி, அதற்குத்தான் முதல் பதில். இன்றைக்கே உங்கள் மருத்துவரிடமோ, பக்கத்து அரசு மருத்துவமனையிலோ பிபி பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்ற சோதனையும் வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

20 வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு விடாத தலைவலி என்றால், இல்லை என்று உறுதியாகும்வரை ரத்த அழுத்தத்தைத்தான் நாங்கள் சந்தேகிப்போம். ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற இந்த நோயில் ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஏறும். சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையலாம். 160/110-ஐத் தொட்டுவிட்டால் அது அவசர சிகிச்சை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், தாயின் உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு வந்தால் மாத்திரை, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி, தேவைப்பட்டால் முன்கூட்டியே பிரசவம் என்று எங்களிடம் வழி இருக்கிறது.

பண்டிகை வீட்டில் எனக்குப் பெரிய கவலையே, இதன் ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு சமாதானம் தயாராக இருப்பதுதான். தலைவலியா, புகையும் தூக்கமின்மையும் என்பார்கள். வலது விலா எலும்புக்குக் கீழே வலியா, அதிரசம் தின்ற வாயு என்று லேகியத்தை உருட்டிக் கொடுப்பார்கள். பார்வை மங்கினாலோ, கண்முன் பூச்சி பறந்தாலோ அடுப்புச் சூடு என்பார்கள். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும் என்பார்கள். சொல்பவர்கள் எல்லோரும் உங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனாலும் இந்த நான்கில் எது வந்தாலும் யாருடைய சமாதானத்தையும் கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ராத்திரியானாலும் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவப் பரிசோதனை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கால் வீக்கம் மட்டும், அதுவும் சாயங்காலம் வந்து காலையில் வடிந்துவிட்டால், பெரும்பாலும் பயமில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒன்றை 31 வாரக் கர்ப்பத்தில் விழுங்கியிருக்கிறீர்கள் என்றால், எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த மாதங்களில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இனி மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுவது வேண்டாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். தெருவில் வெடிக்கும் சத்தம் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டிப் போவதற்குள் நன்றாகக் குறைந்துவிடும். ஒருநாள் பட்டாசில் குழந்தைக்குக் காது போகாது. அந்த வீடியோவைத் திரும்பப் பார்க்காதீர்கள். புகைதான் ஆகாது. வீசிங் இருந்தால் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீரில். வழுக்கி விழுவதுதான் அங்கே ஆபத்து, யாரையாவது தரையைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். லேகியம் வீட்டில் கிண்டியதென்றால் சுண்டைக்காய் அளவு போதும். சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம், எல்லாம் வெல்லம்.

சரி, உங்களை உண்மையில் உறுத்துவது விளக்கும் கடிதமும்தான் என்று நினைக்கிறேன். பட்டாசு வெடிக்காததாலோ, புதிதாக ஒரு விளக்கு ஏற்றியதாலோ எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. குழந்தையைப் பாதிப்பவை ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, தொற்று போன்றவை. விளக்கை மனநிறைவோடு ஏற்றுங்கள், கடிதத்தை எழுதுங்கள். வருகிற குழந்தையை இவ்வளவு அக்கறையாக எதிர்பார்க்கும் அப்பா அம்மாவைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள், விடியற்காலை மூன்று மணிக்கு எழ வேண்டாம், முறுக்குப் பிழிவதை வேறு யாராவது செய்யட்டும்.

மாமியாரோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். அவருக்கும் குழந்தையைப் பற்றிய பயம்தான். பிபி பார்க்க இன்று போகும்போது அவரையும் கூட்டிப் போய், அந்தச் சந்தேகத்தை மருத்துவரிடம் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். இந்த ரத்த அழுத்த நோய் பிரசவமாகி ஆறு வாரம் வரைகூட வரலாம். பொங்கலுக்கு நீங்கள் பச்சை உடம்புக்காரியாக இருப்பீர்கள், உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் அநேகமாக அவர்தான். அந்த நான்கு அறிகுறிகளையும் அவரும் தெரிந்து வைத்திருக்கட்டும்.