தன்னார்வக் குழு தொடங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

"பேரிடர் காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கு உதவ எங்கள் பகுதியில் தன்னார்வக் குழு ஒன்று தொடங்க நினைக்கிறோம். பெயர், பதிவு, நிதி, இவற்றில் எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்ட வரிசையைப் பார்த்தால், வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டது, டி-ஷர்ட் என்ன நிறம் என்பதில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எதிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டாம் என்பதே என் பதில். ஒரு நோட்டு வாங்குங்கள், நாற்பது பக்கம் போதும்.

நான் ஏற்காட்டு மலைக்கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது சேலம் அம்மாப்பேட்டையில். வேலைக்காக மலை ஏறியவள் இறங்கவே இல்லை. வேலையில் இருந்தபோது எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று பதிவேட்டில் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு அந்தக் கை சும்மா இருக்க மறுத்ததால் சொந்தமாக ஒரு நோட்டு போட்டேன். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் யார் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், கையிலிருப்பது எந்தத் தேதி வரை வரும், யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு நடக்க முடியாது, யாரிடம் ஜீப் இருக்கிறது, யாரிடம் மரம் அறுக்கும் மிஷின் இருக்கிறது. 108-ஐ அழைக்க எந்தப் பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதும் கடைசிப் பக்கத்தில் உண்டு. சிரிக்காதீர்கள், அதிகம் புரட்டப்பட்ட பக்கம் அதுதான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடல் எங்கே, நாங்கள் எங்கே என்று இருந்துவிட்டோம். அடுத்த இரண்டு நாள் ஏற்காட்டில் கொட்டிய மழையில் சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் ஊருக்குள் சில்வர் ஓக் மரங்கள் பாதையில் சாய்ந்து கிடந்தன. கரண்ட் இல்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு மருமகள் நனைந்தபடி வந்து நின்றாள். "நர்சம்மா, ஃபிரிட்ஜ் ஓடவில்லை. மாமாவின் இன்சுலின் கெட்டுப்போயிருக்குமா?" திறந்த புட்டி அறை வெப்பத்தில் நாலு வாரம் வரை தாங்கும், அதுவும் டிசம்பர் மாத ஏற்காட்டில் அறையே ஃபிரிட்ஜ்தான் என்று சொல்லிவிட்டுப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் ஒரு வேளைக்குத்தான் இருந்தது. நோட்டைப் பார்த்தால் டிசம்பர் 3 வரை வரும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. எழுதியதை நானே திரும்பிப் பார்க்கவில்லை. இது என் தவறு, மறைப்பதற்கில்லை.

அதே நோட்டின் இன்னொரு பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஜீப் ஓட்டுநரின் பெயர் இருந்தது. மரத்தை அறுத்து வழிவிட்டதும் அவர் குப்பனூர் வழியாகச் சுற்றிச் சேலத்துக்கு இறங்கினார். அந்த ஒரு புட்டியோடு நோட்டிலிருந்த மேலும் ஆறு பேருக்கான மாத்திரையையும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பினார். டீசல் பணம் மகளிர் குழுவின் சந்தாவிலிருந்து போனது. தருமபுரியில் 1989-ல் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கு வந்தபோது, கடனுக்காகக் கூடுகிறார்கள் என்று நானே அலட்சியமாகப் பேசியிருக்கிறேன். இரண்டு வாரம் ஒருத்தி சந்தா கட்ட வரவில்லை என்றால் அவள் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று குழுவுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் பகுதியிலும் அப்படி ஒரு குழு இருக்கும். புதிதாக ஒன்று தொடங்குவதற்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள்.

அதற்குப் பிறகுதான் கீழேயிருந்து ஒரு தொண்டுக் குழு வந்தது. பெயர் வேண்டாம். பேனர், பதினோரு மூட்டை பழைய துணி, ஓர் அட்டைப்பெட்டி மருந்து. டிசம்பர் காப்பிப் பழம் எடுக்கும் மாதம். நாலு நாள் மழையில் கூலி போன வீட்டுக்கு அரிசி வேண்டும், ஜரிகை போன பட்டுப் பாவாடை எதற்கு? துணிகூடப் போகட்டும். அட்டைப்பெட்டியில் இன்சுலின் ஊசிகள் இருந்தன, எல்லாம் ஆரஞ்சு மூடி. நாங்கள் வாங்கிய புட்டியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசிதான் போட வேண்டும். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. அதில் 20 என்ற கோடு வரை 40 யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால், 20 போக வேண்டிய இடத்தில் 50 போகும், ஆள் மயங்கி விழுவார். ஒரு தம்பி அவற்றை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் வாங்கி வைத்தேன்.

தொண்டு செய்பவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் நகரத்து மக்கள் கூடித் தூர்வாரி, எடுத்த மண்ணை நடுவில் தீவுகளாகக் குவித்து மரம் வளர்த்ததை நான் பார்த்திருக்கிறேன். வெளியாள் வரக்கூடாது என்பதல்ல என் பேச்சு. வருகிறவர் கேட்டுவிட்டு வர வேண்டும்.

வந்தவர்களில் ஒரு பெண்மணி என்னைத் தனியாக அழைத்து, "இவர்கள் மலையாளிகளாமே, தமிழ் புரியுமா?" என்றார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சேர்வராயன் மலை மலையாளிகள் கேரளத்தவர் அல்லர், மலையில் வாழ்பவர்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என்று மலையையே மூன்று நாடாக வகுத்து ஆளுக்காள் முறை வைத்து வாழ்ந்தவர்களுக்கு ஊர் கூடி வேலை செய்யச் சொல்லித்தர நாம் யார்? சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஏரியில் படகுச் சவாரி போகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது.

ஊசி கொடுத்த தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் ஜனவரியில் தனியாக, பேனர் இல்லாமல் வந்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு மூன்று ஊரும் நடந்து, யாருக்கு மருந்து எந்தத் தேதியில் தீருகிறது என்று சரிபார்த்தான். மார்ச் வரை வந்தான். பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன்மேல் வருத்தமில்லை. உங்கள் குழுவிலும் பாதிப்பேர் இப்படித்தான் போவார்கள், அதனால் நோட்டு ஊரிலேயே இருக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அதில் இருக்கும், வாட்ஸ்அப்பில் படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் நோட்டு இப்போது அந்த மருமகளிடம் இருக்கிறது. தேதி தீர ஐந்து நாள் இருக்கும்போதே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், என்னைவிடக் கறார். போன வாரம் புரட்டிப் பார்த்தேன். என் பெயரையும் எழுதியிருக்கிறாள்: நர்சம்மா, தனியாக இருக்கிறார், பிரஷர் மாத்திரை, 24-ஆம் தேதி வரை.