மாடிப்படி வழியாகப் படகு இறங்குமா?

தை பிறந்ததும் வீட்டிலேயே சிறு படகு செய்வது பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் ஐந்து.

முத்தியால்பேட்டை வாசகர்: மொட்டைமாடி 14 அடிக்கு 9 அடி. எட்டடிப் படகு செய்ய இடம் போதுமா?

தாராளமாகப் போதும். சுற்றி வந்து வேலை பார்க்க இருபுறமும் இரண்டடி இருந்தால் சரி. நீங்கள் கேட்காத கேள்விதான் முக்கியம்: எப்படி இறக்குவீர்கள்?

என் முதல் படகை வீட்டு நடையில் வைத்துச் செய்தேன். அகலம் 4 அடி. தெருக்கதவு 3 அடிக்குச் சற்று மேல். சாய்த்துக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டேன், நடையில் இருந்த திருப்பத்தை மறந்துவிட்டேன். கடைசியில் வாசல் நிலையைப் பெயர்த்தோம். வீட்டில் கொஞ்ச நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால், ரம்பத்தைத் தொடுமுன் படகின் நீள, அகல, உயரத்துக்கு மூங்கில் குச்சிகளால் ஒரு கூடு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் பாருங்கள். இடித்தால் இரண்டாகப் பிரிகிற படகு செய்யலாம். நடுவில் ரம்பம் போகிற அளவு இடைவெளி விட்டு இரண்டு குறுக்குத் தடுப்புகள் வையுங்கள். இரண்டு பாதியையும் பிறகு சேர்க்கும் போல்ட்டுக்கான துளைகளை முதலிலேயே போட்டுவிட்டு, படகு முடிந்தபின் அந்த இடைவெளியில் அறுங்கள். அணியப் பாதி (முன்பாதி) சின்னதாக இருந்தால், அமரப் பாதிக்குள் (பின்பாதிக்குள்) உட்கார்ந்துகொள்ளும். வைக்கவும் பாதி இடம்தான் ஆகும்.

கடலூர் முதுநகர் வாசகர்: ஆசாரி தேக்குப் பலகைதான் வேண்டும் என்கிறார்.

தேக்கில் குறையில்லை. ஆனால் பலகைப் படகு நீரில் ஊறி உப்பினால்தான் இணைப்பு இறுகும். உங்கள் படகோ வருடத்தில் பெரும்பகுதி சுவரில் சாய்ந்து காயப்போகிறது. காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விடும். அதனால் பிளைவுட், 6 மி.மீ. போதும். மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 710 முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஐஎஸ் 303 அலமாரிக்கு. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஏடு பிரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பிளைவுட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்ஸியும் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் ரெசின் பசை) கண்ணாடி இழை நாடாவும் ஒட்டுவதுதான் முறை. ஆசாரி சிரிப்பார். தைத்த படகு இந்தக் கரைக்குப் புதிதல்ல என்று சொல்லுங்கள். கப்பல் கரையணைய முடியாத காலத்தில் இங்கே அலை தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகுகள், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவைதான்.

அரியாங்குப்பம் வாசகர்: ஃபைபர் படகுப் பட்டறை ரெசின் விலை குறைவு. அதையே பூசலாமா?

வேண்டாம். அது பாலியஸ்டர். அச்சில் வார்க்கும் ஃபைபர் படகுக்குச் சரி; மரத்தைப் பிடித்துக்கொள்வதில் எபாக்ஸிக்கு ஈடாகாது, நாளடைவில் உரியும். மிதப்புக்காகத் தெர்மாக்கோல் வைத்திருந்தால் அதையும் கரைத்துவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை: அதோடு வரும் ஹார்ட்னரையும் (இறுக வைப்பது) கோபால்ட்டையும் (இறுகுவதை வேகப்படுத்துவது) ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும்.

வில்லியனூர் வாசகர்: எபாக்ஸிப் பூச்சு முழுக்கக் குமிழ். காலையில் வெயில் வர ஆரம்பித்தபோது பூசினேன்.

காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். மரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், அதுதான் குமிழ். குளிரும்போது மரம் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே வெயில் இறங்கும் மாலை நேரம், கூரைக்கடியில் பூசுங்கள். திறந்த மாடியில் வைத்தால் பனி இறங்கி, பூச்சின்மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் வரும். அதை முதலில் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாள் போட வேண்டும். கலந்ததை மக்கில் விட்டுவைக்காமல் அகலத் தட்டில் ஊற்றுங்கள். மக்கில் குவிந்து கிடந்தால் சூடேறிப் புகைந்து இறுகிவிடும். சித்திரை வெயில் வருமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தேவனாம்பட்டினம் வாசகர்: இதில் கடலுக்குப் போகலாமா?

கூடாது. கரையோரம் உடையும் அலைக்கு எட்டடிப் படகு ஒரு பொருட்டே இல்லை. உப்பனாற்றில் அமைதியான பகுதியாகப் பார்த்து, மிதவைச் சட்டையோடு போங்கள். கிளம்பும்போது நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள். களைத்துத் திரும்பும்போது ஆறே கொண்டுவந்து சேர்க்கும். கடல் ஏற்றம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் மட்டும் முகத்துவாரப் பக்கம் போகாதீர்கள். அப்போது ஆறு கடலுக்குள் இழுக்கும்.