எந்தச் சிவலிங்கம்? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்துக்காகக் கொழும்பில் ஒரு புத்தகக் கடைக்கு வாட்ஸ்அப்பில் ஓடர் கொடுத்தேன். "மு. சிவலிங்கம் புத்தகங்கள் இருந்தால் இரண்டு அனுப்புங்கள்" என்று எழுதினேன். பார்சலைப் பிரித்தால் ஒன்று நம் மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் சிறுகதைகள். மற்றது கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, தமிழாக்கம் மு. சிவலிங்கம்! "நீங்கள் கேட்ட பெயர்தானே, திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். காசைத் திரும்ப வாங்க வழி உண்டா?
- ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். பாடசாலை முத்திரையைக் குத்திவிட்டீர்களா? குத்தவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. குத்திய புத்தகத்தை எந்தக் கடையும் கையால் தொடாது.

அந்த அறிக்கையைத் தமிழில் தந்தவர் தமிழ்நாட்டுக்காரர், கணனி பற்றியும் எழுதியவர். 'பஞ்சம் பிழைக்க வந்த சீமை' எழுதியவர் நம்மவர். பெயரும் ஒன்று, முதலெழுத்தும் ஒன்று. கடைப் பையன் பெயரைத் தட்டியிருப்பான், வந்ததை எடுத்துக் கட்டியிருப்பான். இதில் களவு ஒன்றும் இல்லை.

சட்டம் என்று பார்த்தால், 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் நீங்கள் கொடுத்த விவரம் வெறும் பெயர்தான் என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் வலுக் குறைவு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பை மேலே தள்ளிப் பாருங்கள். 'மலையகக் கதைகள்' என்று எங்காவது ஒரு சொல் எழுதினீர்களா? கடை அனுப்பிய பட்டியலில் 'சிறுகதை' என்று போட்டிருந்ததா? இருந்தால் கதையே வேறு. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி எண் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், ஆறப்போடாதீர்கள்.

நானாக இருந்தால் காசு கேட்க மாட்டேன். "தபால் செலவு என்னுடையது, மாற்றித் தாருங்கள்" என்று கேட்பேன். பெரும்பாலான கடைகள் அதற்கு இறங்கி வரும்.

அப்புறம், அடுத்த தடவை ஓடர் கொடுக்கும் விதம். தோட்டத்துப் பிரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், மாரியாயி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அதனால்தானே தோட்டப் பிரிவின் பெயரைச் சேர்த்து மேல்கணக்கு மாரியாயி, கீழ்க்கணக்கு மாரியாயி என்று கூப்பிடுகிறோம்! எழுத்தாளர்களும் அதைத்தான் செய்தார்கள். தெளிவத்தை ஜோசப், மாத்தளை சோமு என்று ஊரைப் பெயரோடு சேர்த்தால் ஆள் தப்பாது. வெள்ளைக்காரர் வேறு வழி பார்த்தார். வின்ஸ்டன் சர்ச்சில் என்று அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியர் இருந்தார், பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சிலைவிட மூன்று வயது மூத்தவர். 1899இல் இருவரும் கடிதம் எழுதிப் பேசிக்கொண்டார்கள். அதன்பின் இளையவர் தன் புத்தகங்களில் நடுவே ஓர் 'எஸ்' சேர்த்துக்கொண்டார். நமக்கு அது சரிவராது. முதலெழுத்து அப்பா பெயரிலிருந்து வருவது, முருகையாவும் முத்தையாவும் முனியாண்டியும் எல்லாம் 'மு' தான்.

ஆகவே நூலின் தலைப்பைச் சொல்லுங்கள், முடிந்தால் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணையும் சொல்லுங்கள். 978க்கு அடுத்து 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு, 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. ஆனால் இதை வைத்து ஆளை முடிவு செய்துவிடாதீர்கள். எண் பதிப்பகத்தின் நாட்டைத்தான் காட்டும், நம்மவர் புத்தகங்கள் சென்னையிலும் அச்சாகின்றன. சந்தேகம் வந்தால் இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எழுத்தாளரின் பக்கத்தைப் பாருங்கள், பெயரோடு தகப்பன் பெயரும் இருக்கும்.

கேள்வி: அப்பா யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் 'தேவன்' எழுதியதை விரும்பி வாசித்தவர். பழைய புத்தக வியாபாரி ஒருவர் தேவன் புத்தகங்கள் நாலு இருக்கிறது, 4,000 ரூபா என்று அட்டைப் படம் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?
- வாசகர், பதுளை

பதில்: பொறுங்கள், அப்பாவிடம் எந்தத் தேவன் என்று கேளுங்கள். துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன் ஆனந்த விகடனில் இருந்தவர், 1957இல் காலமானார். இயற்பெயர் மகாதேவன். நம் நாட்டுத் தேவனின் பெயரோ மகாதேவா! குழப்பம் வேண்டாம் என்றுதான் அவர் 'தேவன் - யாழ்ப்பாணம்' என்று எழுதினார். அட்டை கிழிந்தோ மாற்றி ஒட்டியோ இருந்தால் ஊர் பறந்துபோயிருக்கும். அட்டைப் படம் போதாது. உள்ளே முதல் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் 400 ரூபாவுக்குக்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: கடைப் பட்டியலில் 'ஞானி' என்றும் 'ஞாநி' என்றும் இருக்கிறது. அச்சுப் பிழையா?
- வாசகி, நுவரெலியா

பதில்: இல்லை, இரண்டு பேர். இரண்டு சுழி 'னி' என்றால் மார்க்சிய விமர்சகர் கோவை ஞானி. 'நி' என்றால் 'ஓ பக்கங்கள்' எழுதிய பத்திரிகையாளர், 'பரீக்ஷா' என்ற நாடகக் குழுவை நடத்தியவர். தட்டச்சு செய்கிறவர் இதைத் 'திருத்தி'விடுவதும் உண்டு, ஆகவே எழுத்தை நம்பாமல் தலைப்பைப் பார்த்து ஓடர் கொடுங்கள்.