உடன்பிறந்த இகுவானாக்களை இணை சேர்க்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கூண்டில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பச்சை இகுவானாக்கள் (பெரிய பல்லி வகை) இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகனுக்காக வாங்கிய அவை ஒரே ஈட்டில் பொரித்தவை. சென்ற ஆண்டு இட்ட 28 முட்டைகளில் நான்குதான் பொரித்தன. அவற்றிலும் இரண்டு குஞ்சுகள் இறந்துவிட்டன. இப்போது பெண் மறுபடியும் சினையாக இருக்கிறது. விற்ற இடைத்தரகரோ, சின்னத் தீவுகளில் பல்லிகள் காலங்காலமாகத் தங்களுக்குள்ளேயே இணை சேர்ந்து நன்றாகத்தான் இருக்கின்றன என்கிறார். பயமாக இருந்தால் ‘தீவு பிளட்லைன்’ (தீவு மரபுவழி) ஆண் ஒன்றை 45 ஆயிரம் ரூபாய்க்குத் தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? மீதிக் குஞ்சுகளைப் புழல் ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர்.

பதில்: வாங்காதீர்கள், ஏரிக்கரையிலும் விடாதீர்கள். இரண்டையும் இன்றே தனித்தனிக் கூண்டுகளில் பிரித்து வையுங்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு மரபணுவும் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதாக இருந்தாலும் பெரும்பாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். நெருங்கிய உறவில் பிறக்கும் குஞ்சுக்கு இரண்டுமே ஒரே பழுதான பிரதியாக வந்து சேரக்கூடும் என்பதுதான் ஆபத்து. நம் வீடுகளில் மாமன் மகளை மணந்தால், பிறக்கும் குழந்தையின் ஒரு மரபணுவுக்கு இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-ல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் 8-ல் ஒன்று. உடன்பிறந்தவை இணையும்போது 4-ல் ஒன்று. உங்கள் இகுவானாக்களின் தாய் தந்தையே உறவாக இருந்திருந்தால் அதற்கும் மேல். சென்ற ஆண்டு முட்டைகள் வீணானதற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஏறத்தாழ மூன்று மாதம் 29, 30 டிகிரியில் நிலையாக வைக்க வேண்டிய முட்டைகள் மாடி வெயிலில் கெட்டும் போயிருக்கலாம். ஆனால் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில், தெர்மாகோல் பெட்டியில் தேங்காய் நார்த்தூளுக்குள் வைத்திருந்த, மூன்றாம் தலைமுறையாக உடன்பிறந்தவையே இட்ட முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன்: பத்தில் ஏழெட்டில், கரு உயிரோடு இருப்பதைக் காட்டும் சிவந்த நரம்பே ஓடவில்லை, பொரித்து வந்த ஒரு குஞ்சின் வால் கொக்கி போல் வளைந்திருந்தது.

இடைத்தரகர் சொல்லும் தீவுக் கதையில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது எடுபடுகிறது. குரோவேஷியாவை ஒட்டிய ஏட்ரியாட்டிக் கடலில் போட் மிர்ச்சாரு என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. 1971-ல் ஆய்வாளர்கள் பக்கத்துத் தீவிலிருந்து ஐந்து இணைப் பல்லிகளை, அதாவது பத்தே பத்துப் பல்லிகளை, அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஏறத்தாழ 36 ஆண்டுகளுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் தீவு முழுக்கப் பெருகியதோடு, தலை பெரிதாகி, கடி வலுவாகி, பூச்சியைக் குறைத்து இலைதழையை அதிகம் தின்னத் தொடங்கி, அதைச் செரிக்க உதவும் மடிப்புகளும் குடலில் கொண்டிருந்தன என்று 2008-ல் ஆய்வறிக்கை வெளியானது. சிறு தீவு ஒன்று ஊர்வனவற்றை எவ்வளவு விரைவாக மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆனால் இதை உங்கள் கூண்டுக்குப் பொருத்தும் முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். பத்து விலங்குகள் உள்ள கூட்டம் ஒரு தலைமுறையில் இழக்கும் மரபு வேறுபாடு ஏறத்தாழ 20-ல் ஒரு பங்கு. இரண்டே இருந்தால் அது 4-ல் ஒரு பங்கு. அந்தப் பல்லிகள் வேகமாகப் பெருகின. எண்ணிக்கை கூடிவிட்டால் இழப்பும் பெருமளவு குறைந்துவிடும். உங்கள் கூண்டிலோ ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி இரண்டிலிருந்தே தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தீவில் பலவீனமான குஞ்சுக்கு யாரும் கீரை நறுக்கிக் கொடுக்கவில்லை. அது செத்தது, பழுதும் அதோடு போனது. நீங்கள் உங்கள் குஞ்சைச் சாகவிட மாட்டீர்கள்; விடவும் கூடாது. ஆகவே பழுது தங்கிவிடும். இன்று நாம் காணும் தீவுப் பல்லிகள் எல்லாம் பிழைத்தவற்றின் பிள்ளைகள். அழிந்துபோன தீவுக் கூட்டங்களைப் பற்றி எந்தத் தரகரும் பேசுவதில்லை.

புது ரத்தம் சேர்ப்பது தவறா என்றால், இல்லை. சுவீடனின் தென்கரையில் தனித்துப்போன வைப்பர் பாம்புக் கூட்டம் ஒன்றில் குட்டிகள் செத்தும் ஊனமாகவும் பிறந்துகொண்டிருந்தன. 1992-ல் வேறு ஒரு பெரிய கூட்டத்திலிருந்து 20 ஆண் பாம்புகளைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்தக் கூட்டம் மீண்டது. ஆனால் அந்த ஆண்கள் எங்கிருந்து வந்தவை என்பது ஐயமின்றித் தெரியும். உங்களுக்குத் தரப்போகும் ‘தீவு பிளட்லைன்’ ஆண், அதே தரகர் சென்ற ஆண்டு வேறொருவருக்கு விற்ற ஈட்டில் பிறந்த உங்கள் பெண் இகுவானாவின் தம்பியாகவும் இருக்கலாம். நீல நிறத்தைக் காட்டி, ‘ப்ளூ இகுவானா, தீவுச் சரக்கு’ என்பார்கள். கிராண்ட் கேமன் தீவின் உண்மையான நீல இகுவானா வேறு பேரினம். 2002-ல் காட்டில் 10 முதல் 25 வரை மட்டுமே மிஞ்சியிருந்து, பெருமுயற்சியால் காப்பாற்றப்பட்டது. காட்டிலிருந்து பிடித்ததைப் பன்னாட்டு வணிகத்தில் விற்கவே தடை உண்டு. கடையில் நீலமாகத் தெரிவது பச்சை இகுவானாவின் நிற வகைதான். அந்த நிறத்தை நிலைநிறுத்துவதற்காகவே தலைமுறை தலைமுறையாக உறவுக்குள் கலக்கிறார்கள். உறவுக் கலப்புக்கு மருந்தென்று உறவுக் கலப்பையே 45 ஆயிரத்துக்கு விற்கிறார்கள். ‘பேப்பர் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்பவரிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்; வேறு விலங்கின் தாளின் நகலைக் கையில் திணித்த தரகர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாள் விஷயத்தில் அரசின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2020-ல் வெளிநாட்டு விலங்கு வைத்திருப்போர் தாமாக முன்வந்து அறிவிக்கும் திட்டம், 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், 2024 பிப்ரவரியில் விதிகள், மத்திய அரசின் பரிவேஷ் வலைத்தளத்தில் பதிய ஆறு மாத அவகாசம் என எல்லாம் வந்தன. வட சென்னையில் மகனுக்கு ஒரு பல்லி வாங்கிக் கொடுத்த குடும்பத்திடம் இதை யார் போய்ச் சொன்னார்கள்? ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைத்திருந்தால் போதுமே! நீங்கள் பதியவில்லையென்றால் தரகரை நடுவில் விடாமல் நேரடியாக வனத்துறை அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். குஞ்சு பிறந்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டிய கடமை உண்டு.

புழல் யோசனையைக் கணவரிடம் இன்றே பேசி நிறுத்திவிடுங்கள். 1995-ல் புயலில் வேரோடு சாய்ந்த மரங்களைப் பற்றிக்கொண்டு குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் கரிபியனின் அங்குயிலா தீவில் கரையேறி, அங்கே நிலைகொண்டன. அதே கரிபியனின் குவாதலூப்பில் இவை உள்ளூர் இகுவானாவோடு கலந்து, பல இடங்களில் அந்த இனத்தையே கரைத்துவிட்டன. சென்னை வெயில் இவற்றுக்கு ஒத்துப்போகும்.

இந்த ஈட்டு முட்டைகளை அடைவைக்காமல், இட்ட ஓரிரு நாள்களுக்குள், உள்ளே கரு மேலும் வளரும் முன், உறைபெட்டியில் வைத்து அப்புறப்படுத்துங்கள். ஆண் இல்லாவிட்டாலும் பெண் முட்டையிடும். அதனால் அடுத்த ஆண்டு பயப்பட வேண்டாம். இப்போதைக்கு அதற்குத் தேவை ஓர் அடி ஆழத்துக்கு ஈரமணல் நிரப்பிய தொட்டி, கால்சியம், யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு. சினைக் காலத்தில் சில வாரங்கள் தின்னாமல் இருப்பது இயல்பு. தின்னாமலும் அசையாமலும் கிடந்தாலோ, தோண்டித் தோண்டி முட்டை வராமல் களைத்தாலோ முட்டை உள்ளே தங்கியிருக்கக்கூடும். அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.