நாற்பது வயதில் லத்தீனைச் சொந்தமாகப் படிக்க எந்தப் பாடநூல் வாங்கலாம்?

கேட்டவர் வேலைக்குப் போகிறவர். ஆசிரியர் கிடையாது, ராத்திரி அரை மணி நேரம்தான் கிடைக்கும், வீலாக், ஓர்பெர்க் என்ற இருவரும் எழுதிய லத்தீன் பாடநூல்களில் எதை வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது என்கிறார். அதே குழப்பத்தில் இரண்டையும் வாங்கியவன் நான். நேராகவே சொல்லிவிடுகிறேன்: முதலில் ஓர்பெர்க். வீலாக் வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து.

எனக்கு லத்தீன் ஆசை வந்த கதை சின்னது. சீகன்பால்கு எழுதி 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கணம் லத்தீனில் இருக்கிறது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீன்தான். நம் மொழியைப் பற்றி எழுதியதையே இன்னொருவர் பெயர்த்துக் கொடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கூச்சம். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

முதலில் வாங்கியது வீலாக். மோசமான புத்தகம் என்று சொல்லவே மாட்டேன். 1956இல் வந்தது, போர் முடிந்து கல்லூரிக்கு வந்த, வயதில் மூத்த மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாற்பது பாடங்கள். முதலில் இலக்கணம், பிறகு வாய்பாடு, பிறகு சொற்பட்டியல், கடைசியில்தான் வாக்கியங்கள். அந்த வாக்கியங்களில் பலவும் பழைய ரோமானிய எழுத்தாளர்களிடமிருந்து எடுத்தவை என்பது பெரிய கவர்ச்சி. பின்பக்கத்தில் சில பயிற்சிகளுக்கு விடையும் உண்டு. முதல் பாடத்திலேயே 'லபொர் மே வொக்கத்' என்று வரும்: வேலை என்னை அழைக்கிறது. சொல்வரிசைகூட அப்படியே நம்முடையது. அட, இவ்வளவுதானா என்று தோன்றியது.

ஒன்பதாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். 'இது, அது' என்று சுட்டுகிற மூன்று சொற்கள் அங்கே வரும். ஆளுக்கு முப்பது கட்டம். பகல் முழுக்க அலுவலகத்தில் எக்செல் பார்த்துவிட்டு வந்து ராத்திரியும் கட்டத்தையே வெறித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதம் புத்தகம் அலமாரியில் தூங்கியது.

ஓர்பெர்க் டென்மார்க்காரர். அவர் புத்தகத்தின் முதல் பாகம் 'ஃபமிலியா ரோமானா'. அட்டை முதல் அட்டை வரை லத்தீன்தான், ஆங்கிலமே கிடையாது. பயப்படாதீர்கள். முதல் வரி 'ரோம இன் இத்தலியா எஸ்த்'. அடுத்த வரி 'இத்தலிய இன் எவுரோப்பா எஸ்த்'. பக்கத்தில் ஒரு வரைபடம் இருப்பதால் அர்த்தம் தானாகவே விழுந்துவிடும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலி எழுவாயாக நிற்கும்போது 'இத்தலிய', கடைசி எழுத்து குறில். 'இத்தாலியில்' என்று சொல்லும்போது 'இத்தலியா', நெடில். முன்னால் ஒரு 'இன்' நிற்கிறதே தவிர, பெயர்ச்சொல்லில் நடக்கும் மாற்றம் அந்த நெடில் ஒன்றுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைக் கேட்டுப் பழகவே நாளாகும். நமக்கு ஒன்றாம் வகுப்புச் சமாச்சாரம்.

இந்த நெடில் எவ்வளவு முக்கியம் என்று நான் கற்றது ஒரு முட்டாள்தனத்தால். நடுவில் காசை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, காப்புரிமை முடிந்த ஒரு பழைய பாடநூலின் மறுஅச்சை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். பழைய பக்கங்களை வருடி, கணினி படித்ததை அப்படியே அச்சடித்திருந்தார்கள். எழுத்துக்கு மேலே போடும் நெடில் கோடுகள் பாதி இடத்தில் மறைந்துபோய், மீதி இடத்தில் வேறு ஏதோ குறியாக மாறியிருந்தன. ஒரு வாரம் எல்லா வாக்கியமும் புதிராகவே இருந்தது. எந்தப் புத்தகம் வாங்கினாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அந்தக் கோடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முதல் பாடத்திலேயே கேள்வி கேட்கவும் கற்றுத்தருகிறார் ஓர்பெர்க். 'எஸ்த்' என்றால் இருக்கிறது. 'எஸ்த்னே' என்றால் இருக்கிறதா. நம்முடைய 'ஆ' போலவே வாலில் ஒட்டிக்கொள்கிறது. 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்க்கும் கேள்விக்கு 'நும்' என்று தொடங்க வேண்டும். 'ரோம் என்ன, கிரேக்கத்திலா இருக்கிறது?' என்று நாம் கேட்போமே, அந்தத் தொனி. பின்னால் வரும் 'குவே' நம் 'உம்' மாதிரி. 'செனாத்துஸ் போப்புலுஸ்குவே ரோமானுஸ்' என்பதில் ஒட்டியிருப்பது அதுதான்: செனட்டும் ரோம மக்களும். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் சீசரின் 'வேனி, வீதி, வீக்கி' தமிழிலும் மூன்றே சொல்: வந்தேன், கண்டேன், வென்றேன். வேற்றுமை என்றால் என்ன என்று விளக்க ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

இதைப் படித்துவிட்டு லத்தீன் நமக்கு அல்வா என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கு 'ஐ' என்றால் மரத்தை, பெண்ணை, ரோமை, எல்லாவற்றுக்கும் ஒரே 'ஐ'. அங்கே பெயர்ச்சொற்கள் ஐந்து கூட்டமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு உருபு வைத்துக்கொள்ளும். மேசை பெண்பால். ஏன் என்று கேட்கக் கூடாது.

ஓர்பெர்க்கிலும் குறை உண்டு. மொத்தம் 35 பாடங்கள், சுமார் 1,500 சொற்கள். பாதி வரை கதை போல ஓடும். பதினாறாம் பாடத்தில் புயல் வரும், கூடவே செயப்பாட்டு உருவத்தில் செய்வினைப் பொருள் தரும் வினைகளும் வரும். அங்கே கப்பலோடு நானும் ஆடிப்போனேன். பாட இறுதிப் பயிற்சிகளுக்குப் புத்தகத்துக்குள் விடை கிடையாது என்பதும் தனியாகப் படிப்பவருக்கு எரிச்சல். ஜீன் நியூமன் எழுதிய ஆங்கிலத் துணைநூல் ஒன்று, பாடம் பாடமாக இலக்கணத்தை விளக்குகிறது. அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். புத்தகம் சேர்ப்பது படிப்பதைவிடச் சுகமான வேலை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

தேவாலய லத்தீன்தான் நோக்கம் என்றால் என் பதில் மாறும். அப்போது காலின்ஸின் திருச்சபை லத்தீன் பாடநூலை எடுங்கள். உச்சரிப்பும் வேறு, சிசரோ அங்கே 'சிச்செரோ', ஓர்பெர்க்கில் 'கிக்கெரோ'. பாம்பெய் நகரத்துக் குடும்பக் கதையோடு வரும் கேம்பிரிட்ஜ் பாடநூல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மெதுவாகப் போகும். டுவோலிங்கோ செயலியின் லத்தீன் பாடம் ரொம்பச் சின்னது.

படிக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். இரட்டை மெய்யும் குறில் நெடிலும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாம் பாடத்தில் தங்கை யூலியா பாடிக்கொண்டிருப்பாள், அண்ணன் மார்குஸ் அவளை அடிப்பான். 'யூலிய' உடனே 'யூலியம்' ஆகிவிடுவாள், அதாவது யூலியாவை. இரண்டாம் வேற்றுமை வந்தாயிற்று, வாய்பாடு இல்லாமலே. கடைசியில் தூக்கம் கலைந்த அப்பா வந்து மார்குஸை வெளுப்பார். அடி விழும் சத்தத்துக்கு ஓர்பெர்க் போட்டிருக்கும் சொல் 'துக்ஸ்தக்ஸ்'. நான் அதைச் சத்தமாகப் படித்த அன்று பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு பல நாள், நான் புத்தகத்தைத் திறந்தாலே, "அப்பா, இன்னைக்கு அந்தப் பையனுக்கு துக்ஸ்தக்ஸ் உண்டா?" என்பாள்.